பால் காய்ச்சின வீடு

சங்கரன்கோவிலில் சொர்ணத்தாய் என்றொருத்தி, ஒரே ஒரு வீட்டு வாடகையை நம்பிப் பிழைத்தாள். வீட்டுக்கு இன்சூரன்ஸும் போட்டிருந்தாள். புதுக் குடித்தனக்காரர் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிவிட்டு, சாமான் எடுத்துவரப் போனார். அந்த ரெண்டு நாளைக்குள் மின்கசிவில் அடுக்களை எரிந்துபோச்சு.

இன்சூரன்ஸ் மேனேஜர் வைத்திலிங்கம் சட்டத்தைக் கரைத்துக் குடித்த மகான். நஷ்டஈடு கேட்டு ஆபீசுக்கு வந்தவளிடம், "ஆள் குடியில்லாத வீட்டுக்கு நஷ்டஈடு கிடையாதும்மா" என்றார்.

"பால் காய்ச்சியாச்சே சார்."

"பால் காய்ச்சினா ஆச்சா? கட்டில், பீரோ வரணும். அதுவரைக்கும் காலி வீடுதான்."

"சரி சார். இந்த ஆபீசை எப்போ திறந்தீங்க?"

"போன ஆவணி மூணு. நான்தான் பால் காய்ச்சினேன்" என்றார் பெருமையாக.

"மேசை, நாற்காலி?"

"அது பத்து நாள் கழிச்சு வந்துச்சு."

"ஆவணி ஏழாம் தேதி சுவத்துல பேப்பரை வச்சு, நின்னுக்கிட்டே எனக்கு ரசீது எழுதினீங்களே. காலிக் கட்டடத்துல எழுதிக் கொடுத்தது யாரு சார், பேயா?"

வரிசையில் நின்றவர்கள் தங்கள் ரசீதுகளில் தேதி பார்க்க ஆரம்பித்தார்கள். மேனேஜர் அவசரமாக நஷ்டஈட்டுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். "அடுக்களையை நல்லாக் கட்டிக்கோம்மா" என்றார், தன் கைக்காசைக் கொடுக்கிறவர் மாதிரி.