சனிக்கிழமைப் பரீட்சை

குணசீலன் பளு தூக்கக் கற்றுக்கொள்ள ஹேமாவதியிடம் போய்ச் சேர்ந்தபோது சீடருக்கு நாற்பத்தாறு வயது, குருவுக்கு முப்பத்தொன்று. போதாக்குறைக்கு அந்தக் குரு, பத்தாம் வகுப்பில் அவரிடமே கணக்குப் படித்தவள். உலகம் சில நேரம் ஆளை இப்படித் தலைகீழாக நிறுத்தி வேடிக்கை பார்க்கும்.

மூன்று வருடம் நன்றாகத்தான் போயிற்று. சித்திரையில் ஒரு நாள், நூற்றுப் பத்து கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போது இடது முட்டி சுருக்கென்றது. ஜவ்வு கிழியவில்லை, கொஞ்ச நாள் பாரம் வேண்டாம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து ஹேமாவதி அவருக்குப் பளு மாட்டாத வெறும் கம்பியைத்தான் கொடுத்தாள். அதையும் வைத்துக்கொண்டு பாதிதான் இறங்கி எழ வேண்டும். பக்கத்திலேயே பிளஸ் டூ படிக்கும் பெண்கள் எண்பது கிலோவைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாவகாசமாகத் தண்ணீர் குடிப்பார்கள். பார்க்கிறவருக்கு எரியுமா எரியாதா?

மார்கழியில் மூத்தோருக்கான மாநிலப் போட்டி. இந்த வருடம் விட்டால் அடுத்த வருடம் உடம்பு இடம் கொடுக்குமோ கொடுக்காதோ என்று அவருக்குப் பயம். எண்ணெய் தேய்த்தார், ஒத்தடம் கொடுத்தார், முட்டிக்குப் பட்டை மாட்டினார். வெள்ளிக்கிழமை வரை வலி போகிற மாதிரி போக்குக் காட்டும். திங்கட்கிழமை காலையில் திரும்பி வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும்.

ஏன் திங்கட்கிழமை என்பது அவருக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, பயிற்சிக் கூடத்தைப் பூட்டுவதற்கு முன்னால், குணமாகிவிட்டதா என்று பார்க்க எண்பது கிலோவை ஏற்றி ஒரே ஒரு முறை உட்கார்ந்து எழுவார். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, பரீட்சை வைக்காமல் எதையும் நம்பமாட்டார். ஒரு முறைதானே என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்வார்.

புரட்டாசியில் ஒரு திங்கட்கிழமை, வீங்கிய முட்டியோடு நொண்டி நொண்டி வந்து குருவின் எதிரில் நின்றார்.

"எப்பதாம்மா இந்த வலி போகும்?"

கூடத்து மூலையில் பளு தூக்கப் புது மேடை போட்டிருந்தார்கள். மேஸ்திரி ஏகாம்பரம் அதன்மேல் ஈரச் சாக்கை விரித்து, பதினைந்து நாளைக்கு ஒருத்தரும் கிட்டே வரக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஹேமாவதி போய் அந்தச் சாக்கை விலக்கினாள்.

"சார், அந்த இருபது கிலோ பிளேட்டைத் தூக்கி இது மேல போடுங்க."

"நேத்து போட்ட கான்கிரீட்டும்மா."

"இறுகிடுச்சான்னு பார்க்கணும்."

குரு சொன்னால் தட்டக் கூடாது. போட்டார். மேடை ஒரு பக்கம் பெயர்ந்தது. சாயங்காலம் மேஸ்திரி வந்து பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு, பெயர்ந்ததையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமையும் ஹேமாவதி அதையே சொன்னாள். இந்த முறை குறுக்கே விரிசல் விட்டது. உங்களுக்கெல்லாம் புத்தி கெட்டுப்போய்விட்டதா என்று கேட்ட மேஸ்திரி, கொத்துக்கரண்டியை வீசிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அவரைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்து மறுபடி மேடை போட வைப்பதற்குள் குணசீலனுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. வலிக்கு வழி கேட்டு வந்தவனை இவள் ஏன் மேடை உடைக்க வைக்கிறாள் என்று வீடு போகும் வரை முனகிக்கொண்டே போனார்.

மூன்றாவது திங்கட்கிழமை அவள் மறுபடியும் பிளேட்டை நீட்டினாள். அவருக்குப் பொறுமை எல்லை தாண்டிவிட்டது. வகுப்பறைக் குரல் தானாக வந்தது.

"நீ என்ன விளையாடுறியா? நல்லா இருக்கிறதை வாராவாரம் இடிச்சு இடிச்சுப் பார்த்தா, அது எந்த ஜென்மத்துல இறுகும்?"

கூடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பிளேட்டை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது.

ஹேமாவதி பிளேட்டைக் கொண்டுபோய் அதன் இடத்தில் மாட்டிவிட்டு வந்தாள்.

"சனிக்கிழமை பூட்டிட்டுப் போறது நீங்க, சார். திங்கட்கிழமை வந்து திறக்கிறது நான். எண்பது கிலோவும் கம்பியிலேயே இருக்கும்."

குணசீலன் பெஞ்சில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. கடைசியில் அதை மாணவியிடமே ஒப்புக்கொண்டார்.

"பார்க்காமலே இருந்தா, சரியாயிடுச்சுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? மார்கழிக்கு மூணு மாசம்கூட இல்லை."

"மார்கழி அது பாட்டுக்கு வரட்டும், சார்," என்றாள் ஹேமாவதி. "ஒரு நாள் நான் உங்களைக் கூப்பிட்டு, எந்தக் கால்ல வலி இருந்துச்சுன்னு கேட்பேன். நீங்க கொஞ்சம் யோசிச்சுதான் பதில் சொல்வீங்க. அன்னிக்கு எண்பது கிலோவை நானே ஏத்தித் தர்றேன்."