எட்டு வழியிலும் ஏறாதவர்கள்

குரு என்றால் தாடி வேண்டும் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். திலகவதிக்கு முப்பத்தெட்டு வயது. கண் மருத்துவமனையின் கணினி அறை அவர் பொறுப்பில் இருந்தது. யார் எதைச் சொன்னாலும் சட்டென்று நம்பமாட்டார். அவரிடம் தொழில் பழக வந்த அருளப்பன் அவரைவிட நான்கு வயது மூத்தவர்.

அன்று மாலைக்குள் பழைய சர்வரை அழித்து, வாடகைக்குத் தந்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். இருபது வருட நோயாளிகளின் பதிவுகள் அதில்தான் இருந்தன. அவற்றைப் புது சர்வருக்கு ஒரே வழியாக நகலெடுத்தால் இரண்டு நாள் பிடிக்கும். அருளப்பன் பெயரின் முதல் எழுத்துப்படி பதிவுகளை எட்டாகப் பிரித்து, எட்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டார். ஆறு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

“பழசை அழிச்சிடலாமா மேடம்?”

“எப்படிப் பிரிச்சீங்க?”

“உயிரெழுத்தெல்லாம் ஒண்ணு. க வரிசை ஒண்ணு. அப்படியே ன வரைக்கும் எட்டு.”

“சரிபார்த்தீங்களா?”

“எட்டும் அதது பட்டியலோட ஒத்துப்போச்சு. ஒரு பதிவுகூடக் குறையல.”

“பட்டியல் போட்டது யாரு?”

“நான்தான்.”

திலகவதி அழிக்கச் சொல்லாமல் திரையையே பார்த்தார். அருளப்பனுக்குச் சுருக்கென்றது. வேகமாக முடித்தது இந்தம்மாவுக்குப் பொறுக்கவில்லையோ என்றுகூட நினைத்தார்.

“என்மேல நம்பிக்கை இல்லையா மேடம்?”

“இல்லை. உங்க அம்மாவுக்கு இங்கதானே கண் ஆபரேஷன்? புது நகல்லேர்ந்து அவங்க பதிவை எடுங்க.”

அருளப்பன் அம்மாவின் பெயரை அடித்தார். ஜெபமாலை. அப்படி யாரும் இல்லை என்று வந்தது. மறுபடி அடித்தார். இல்லை.

அடுத்த வாரம் அம்மாவுக்கு மறு கண்ணில் ஆபரேஷன். லென்ஸுக்கு எடுத்த அளவெல்லாம் அந்தப் பதிவில்தான்.

பழைய சர்வரில் தேடினார். அங்கே அம்மா இருந்தார். ஜமீலா, ஷண்முகவடிவு, ஸ்டீபன், ஹேமலதா என்று இன்னும் ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்த அகர வரிசையை அப்படியே போட்டிருந்தார். ஜ, ஷ, ஸ, ஹ அதில் இல்லை.

“எட்டுமே முடிஞ்சதுன்னுதானே மேடம் சொல்லுச்சு!”

“அதது தன் பங்கு முடிஞ்சதுன்னு சொல்லுச்சு. எல்லாம் முடிஞ்சதுன்னு சொன்னது நீங்க.”