இரண்டாம் நடை

"மூன்று என்றுதான் சொன்னாள். இப்போது எழுப்பிக் கேட்டாலும் மூன்று என்றுதான் சொல்வாள்" என்றாள் நாச்சம்மை. ஓடக்காரி. அரசவையில் யாரும் இவ்வளவு உரக்கப் பேசியதில்லை.

"ஓலையில் விடை இரண்டு" என்றார் தேர்வு அதிகாரி அம்பலத்தரையர். "உன் மகளுக்குக் கணக்கு வராதம்மா. துடுப்புதான் வரும்."

அவை சிரித்தது.

"துடுப்பும் வரும் ஐயா."

ஆலங்கரை நாடு வீரநாரணன் கையில் இருந்த நாளில் நடந்தது இது. கூர்மையான பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துப் படிக்க வைக்க, நதிக்கு அக்கரையில் ஒரு கல்விச்சாலை கட்டியிருந்தார் அரசர். அந்த வருடம் தேர்வுக்குக் கேள்வி எழுதும் ஆசை அவருக்கே வந்துவிட்டது. 'துறையில் ஓர் ஓடம். எட்டுப் பேர் ஏறலாம். நதியைக் கடக்க ஒரு நாழிகை. பதினாறு பேர் அக்கரை சேர எத்தனை நாழிகை?' இரண்டு என்ற பிள்ளைகள் உள்ளே. நாச்சம்மையின் எட்டு வயது மகள் சிவந்தி வெளியே. ஒரு முறை தள்ளப்பட்ட பிள்ளை மறுபடி தேர்வுக்கு உட்கார முடியாது.

பெற்றவர்கள் முறையிடலாம் என்று சட்டம் இருந்தது. நாச்சம்மை முறையிட்டாள். அதை விசாரித்தவரும் அம்பலத்தரையர்தான். அதனால் நேரே அவைக்கு வந்துவிட்டாள்.

"மகாராசா, அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யாராவது கேட்டீர்களா?"

அரசர் கையை உயர்த்தினார். "கேட்க என்ன இருக்கிறது? கேள்வி என்னுடையது. விடையும் என்னுடையது."

நாச்சம்மை அரசரை நோக்கிக் கைகூப்பினாள். பிறகு, "சரி மகாராசா. அப்படியானால் என் துறைக்கும் அதையே சட்டமாக்கித் தாருங்கள். பதினாறு பேருக்கு இரண்டு நாழிகை. முத்திரை வைத்து."

அமைச்சர் நல்லுடையார் தலை நிமிர்ந்தார். ஓடத்துறைப் பிள்ளைகளும் தேர்வு எழுதலாம் என்று வாதாடி வாங்கியவர் அவர். அன்றிலிருந்து அரையருக்கு அவரைக் கண்டால் ஆகாது.

"நல்ல யோசனை அரசே. மீறினால்?"

"துறையை விட்டே போக வேண்டும்" என்றார் அரையர் அவசரமாக.

அரசருக்கு மகிழ்ச்சி. தன் விடை சட்டமாவதை யார் வேண்டாம் என்பார்? அமைச்சர் எழுதினார்: எட்டுக்கு மேல் பதினாறு பேர் வரை இரண்டு நாழிகை; முதல் நடைக்கு ஒரு நாழிகை, இரண்டாம் நடைக்கு ஒரு நாழிகை, அதற்கு மேல் ஓடம் நகரக் கூடாது. முத்திரை விழுந்தது.

ஐந்தாம் நாள் கல்விச்சாலை திறப்பு. அரசத் தோணிக்கு, தண்ணீர் கசியாமலிருக்க, முந்தின நாள்தான் கீல் பூசியிருந்தார்கள், காயவில்லை. அரசர் பதினான்கு பேரோடு ஓடத்துறைக்கு வந்தார். வரவேற்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மாலைகளோடு முதல் நடையில் ஏறிக்கொண்டார் அரையர். எட்டுப் பேர் போனார்கள்.

ஒரு நாழிகையில் ஓடம் அக்கரை சேர்ந்தது. நாச்சம்மை துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அரசர் கண்மேல் கைவைத்துப் பார்த்தார்.

"என்ன, உட்கார்ந்துவிட்டாள்?"

"ஓடம் இனி அங்கேதான் நிற்கும் ராசா" என்றாள் துறைக்கம்பத்தடியில் நின்ற சிறுமி.

"நீ யார்?"

"சிவந்தி. மூன்று சொன்னவள்."

அமைச்சர் இருமினார்.

"ஓடம் ஏன் அங்கே நிற்க வேண்டும்? நான் இங்கே அல்லவா இருக்கிறேன்!"

"உங்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு நாழிகை இருக்கிறது. இங்கே வந்து சேர நாழிகை இல்லை. ஓலையில் நீங்கள் கொடுக்கவில்லையே."

"வந்தால்தானே ஏற்ற முடியும்?"

"அதைத்தான் அன்றைக்கு நானும் நினைத்தேன்."

அரசரின் விரல்கள் மெல்ல அசைந்தன. போக ஒன்று. வர ஒன்று. போக ஒன்று. இத்தனை வருடம் நதியைக் கடந்தவர், இறங்கியதும் நேரே நடந்து போய்விடுவார்.

"முகூர்த்தம் போகிறது. அவளைக் கூப்பிடு!"

"கம்பத்தில் துணி ஏற்றினால் வந்துவிடுவாள். வந்தால் எங்களைத் துறையை விட்டுத் துரத்துவீர்களே?"

"முத்திரை உங்களுடையது அரசே" என்றார் அமைச்சர். "அதை மாற்ற இந்த நாட்டில் ஒருவரால்தான் முடியும்."

"எழுத்தாணி இருக்கிறதா?"

"இருக்கிறது. அந்த ஓலையையும் கொண்டுவந்திருக்கிறேன்."

அரசர் அவரை உற்றுப் பார்த்தார். "தோணிக்குக் கீல் பூசச் சொன்னது யார்?"

"மழைக்காலம் வருகிறது அரசே."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார். துணி ஏறியது. ஓடம் வந்தது. ஏழு பேர் ஏறினார்கள்.

"இன்னும் ஓர் இடம் இருக்கிறது" என்றார் அமைச்சர்.

"ஏறு" என்றார் அரசர் சிவந்தியிடம்.

நடு நதியில் கேட்டார்: "இவளுக்கு யார் கணக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"யாருமில்லை மகாராசா." நாச்சம்மை துடுப்பை நிறுத்தவில்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. "ஆளை இறக்கிவிட்டு வெறும் ஓடத்தோடு நான் திரும்பும்போதெல்லாம் கூட உட்கார்ந்திருப்பாள். பார்த்ததைச் சொன்னாள்."

அக்கரையில் மாலைகள் வாடியிருந்தன. அரையர் ஓடிவந்தார். "முகூர்த்தம் தப்பிவிட்டது அரசே! இந்த ஓடக்காரி வேண்டுமென்றே..."

"அவள் என் ஓலைப்படி நடந்தாள். ஓலைதான் தப்பு. மூன்று என்று சொன்ன பிள்ளைகள் எத்தனை பேர்?"

"நான்கு பேர். எல்லாம் துறைப்பக்கத்துப் பிள்ளைகள்."

"நான்கு பேரையும் இப்போதே கல்விச்சாலை ஏட்டில் எழுதும். நீர் தள்ளிய பிள்ளைக்காக வரும் முறையீட்டை இனி நீர் கேட்க வேண்டாம். அமைச்சர் கேட்பார். பிள்ளை ஏன் அப்படிச் சொன்னது என்பதை முதலில் கேட்பார். அப்புறம், திரும்பும்போது நீர் இரண்டாம் நடையில் வாரும். கரையில் காத்திருந்தால் இந்தக் கணக்கு நன்றாகப் புரிகிறது."

கரையில் நின்ற அவை சிரித்தது. இந்த முறை நாச்சம்மையும் சிரித்தாள்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் அரசர்.

"கேட்க வந்தது கிடைத்துவிட்டது மகாராசா."

அரையர் படியில் உட்கார்ந்து ஏட்டைப் பிரித்தார். நதிக்காற்றில் ஓலை படபடத்தது. எழுத்தாணி வழுக்கியது. சிவந்தி குனிந்து, அவர் எழுதி முடிக்கும் வரை ஓலையின் நுனியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.