முதல் மழையோடு முடிந்த கட்டளை

மூங்கில் காட்டுக் குளத்தில் ஓட்டாயி என்ற ஆமை இருந்தது. ஒரு கோடையில் காடு தீப்பிடித்தது. விலங்குகள் அலறியடித்துக்கொண்டு குளத்துக்கு ஓடிவந்தன.

"நீங்கதான் காப்பாத்தணும் அண்ணே!" என்று கொம்பையன் என்ற யானையைச் சூழ்ந்துகொண்டன.

"சரி, தீ அடங்குறவரைக்கும் நான் சொல்றதுதான் சட்டம். யாரும் கரையைவிட்டுப் போகக் கூடாது. தவளைங்க கத்தக் கூடாது. தீ வர்ற சத்தம் எனக்குக் கேட்கணும்!" என்றது யானை.

எல்லாம் தலையாட்டின. ஓட்டாயியும் ஆட்டியது. யானை தும்பிக்கையால் தண்ணீரை இறைத்து இறைத்துத் தீயைக் கரைக்கு வரவிடாமல் தடுத்தது.

தீ அடங்கியது. கட்டளை அடங்கவில்லை. தினமும் காலையில் யானை தும்பிக்கையைத் தூக்கி முகர்ந்தது.

"இன்னும் புகை வாசனை வருது!"

ஓட்டாயிக்கு வயிறு நிறைய முட்டை. ஆற்றோர மணல்மேட்டில் குழி தோண்டி இட வேண்டும்.

"ஒரே நடை போயிட்டு வந்துடறேன் அண்ணே!"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் தங்கச்சி. நாளைக்குப் பார்ப்போம்."

அந்த நாளை வரவேயில்லை. மழைதான் வந்தது. மூன்று நாள் கொட்டியது. தவளைகள் பயந்து வாயை மூடிக்கொண்டு நனைந்தன. மூன்றாம் நாள் இரண்டு முட்டைகள் ஓட்டாயியை மீறித் தண்ணீரிலேயே நழுவிப்போயின. தண்ணீரில் விழுந்த முட்டை பொரிக்காது.

ஓட்டாயி நேராக யானையின் முன்னால் போய் நின்றது.

"அண்ணே, இப்பவும் புகை வாசனை வருதா?"

"வ... வருதே!"

யானையின் காதிலிருந்து மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தொப்பலா நனைஞ்சு நின்னுக்கிட்டு இதைச் சொல்றீங்களே!"

ஒரு தவளை சிரிப்பை அடக்க முடியாமல் 'கொர்' என்றது. அவ்வளவுதான், குளமே சிரித்தது.

யானை தலையைத் தொங்கப்போட்டது. "எல்லாரும் என்னையே சுத்தி நின்னீங்க. அது நல்லாயிருந்துச்சு தங்கச்சி."

பிறகு ஓட்டாயியை மெல்லத் தூக்கிப்போய் மணல்மேட்டில் இறக்கிவிட்டது. மிச்ச முட்டைகள் பொரித்தன. ஆனாலும் போன இரண்டை ஓட்டாயி மறக்கவில்லை.

அடுத்த கோடையிலும் தீ வந்தது. "நீங்கதான் காப்பாத்தணும் அண்ணே!" என்று எல்லாம் மறுபடி ஓடிவந்தன.

"காப்பாத்துங்க அண்ணே," என்றது ஓட்டாயி. "ஆனா முதல் மழையில தவளைங்க கத்தும். அத்தோட உங்க கட்டளை முடிஞ்சுது. சம்மதமா?"

"அண்ணனை நம்ப மாட்டியா?"

"நம்புறேன். அதான் முன்னாடியே கேட்கிறேன்!"

யானை சிரித்துக்கொண்டே தண்ணீர் இறைக்கப் போனது. அந்த வருடம் முதல் தூறலிலேயே தவளைகள் கத்தின. யானை தானாகவே மணல்மேட்டுக்குப் போகும் வழியைவிட்டு நகர்ந்தது.

ஆபத்துக் காலத்தில் ஒருவரிடம் அதிகாரத்தைக் கொடுக்கும்போதே, அது என்றைக்கு முடியும், முடிந்ததென்று சொல்லப்போவது யார் என்பதையும் பேசி முடித்துவிட வேண்டும்.