கண்ணாடிக் கூண்டில் துவோமோ

இதை எனக்கு முதலில் சொன்னது என் மூத்த மகள் சோபனா. போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் கோயிலில் சிலுவைப்பாதை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது போன் பண்ணினாள். அவள் பின்லாந்தில், வடக்கே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். முழங்கால் வலிக்கு வந்த ஒருவர், கட்டுப் போட்டு முடிகிற வரைக்கும் அவளிடம் சொன்ன கதை இது.

அவர் பெயர் துவோமோ.

ஐஸ் ஹாக்கி ஆடியவர். காலில் இரும்புக் கத்தி வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, பனிக்கட்டித் தரையில் வழுக்கிக்கொண்டே ஆடுகிற ஆட்டம். பந்து கிடையாது, கறுப்பு ரப்பர் வட்டு. அந்த நாட்டில் பிள்ளைகள் நடக்கப் பழகின கையோடு இதைத்தான் பழகுமாம்.

துவோமோ நாட்டுக்காகவே ஆடியிருக்கிறார். பிறகு முழங்கால் போயிற்று. சொந்த ஊருக்கு வந்து, ஊர்க் குழுவுக்குப் பயிற்சியாளர் ஆனார்.

குழு தோற்றது. மறுபடியும் தோற்றது.

குழுவை நடத்துகிற விளையாட்டுக் கழகத்தின் தலைவர் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். வருகிற சனிக்கிழமையும் தோற்றால் குழு கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிடும், நீங்களும் அரங்கத்துச் சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று.

துவோமோவுக்கு வேறு வேலை தெரியாது. சின்ன வயதிலிருந்து அந்தக் குளிருக்குள்ளேயே இருந்துவிட்டார்.

அதே அரங்கத்தில் ரீக்கா என்றொருத்தி பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். துவோமோவைவிட வயதில் சின்னவள். நாட்டுக்காக ஆடினவளும் இல்லை. ஆனால் அவள் பிள்ளைகள் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள்.

துவோமோ அவளைத் தேடிப் போனார். பூட்ஸ் கத்தி தீட்டுகிறவர் வழியில் பார்த்துவிட்டு, பெண்பிள்ளைகள் குழுவில் ஒரு இடம் காலியாம், கேட்டுப் பாருங்கள் கோச் என்று கிண்டல் பண்ணினார். துவோமோ காதில் வாங்காமல் நடந்தார்.

ரீக்கா குனிந்து ஒரு சிறுமியின் பூட்ஸ் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன்," என்றார் துவோமோ. "ஆட்டம் முழுக்கக் கத்திக் கத்திச் சொல்றேன். தொண்டையே போச்சு. அப்படியும் தோக்குறாங்க. இன்னும் என்னதான் செய்யணும்?"

அவள் நிமிரவில்லை.

"களத்துல உங்க ஆளுங்க எத்தனை பேர்?"

"இது என்ன கேள்வி? கோல் காக்கிறவனோட சேர்த்து ஆறு பேர்."

"போய் எண்ணிப் பார்த்துட்டு வாங்க."

மறுநாள் பயிற்சியில் நின்று எண்ணினார். விரலை மடக்கி மடக்கி எண்ணினார். அந்தப் பக்கத்தில் நம் ஊர் மாடு மாதிரி பனிமான் வளர்ப்பார்களாம். சனிக்கிழமைக்கு அப்புறம் கோச் மான் மேய்க்கப் போகிறார் போல, இப்போதே எண்ணிப் பழகுகிறார் என்று குழுவில் சிரித்தார்கள்.

சாயங்காலம் ரீக்காவிடம் போனார்.

"ஆறுதான்."

"இல்லை. ஒருத்தர் அதிகம்."

துவோமோவுக்குக் கோபம் வந்துவிட்டது. களத்தில் ஒரு ஆள் கூட நின்றால் நடுவர் சும்மா விடமாட்டார். அந்தக் குழுவில் ஒருவரைக் களத்தின் ஓரத்தில் இருக்கிற கண்ணாடிக் கூண்டில் இரண்டு நிமிஷம் உட்கார வைத்துவிடுவார். அதுதான் அந்த ஆட்டத்தில் தண்டனை. என் ஆட்கள் எந்தத் தப்பு செய்தாலும் அந்தத் தப்பை மட்டும் செய்ததில்லை என்றார் துவோமோ.

"நடுவர் கண்ணுக்குத் தப்பிடுச்சு போல," என்றாள் ரீக்கா.

வியாழக்கிழமை பயிற்சி நேரத்தில் அவளே வந்தாள். குழு இரண்டாகப் பிரிந்து ஆடிக்கொண்டிருந்தது. துவோமோ வழக்கம்போல ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். இடது பக்கம் தள்ளு, இப்போ விடு, அவனுக்குக் கொடு, லஸ்ஸே மரக்கட்டை மாதிரி நிற்காதே. லஸ்ஸே என்பவன் பின்னால் நின்று தடுத்து ஆடுகிறவன். திட்டு அதிகம் வாங்குகிறவனும் அவன்தான்.

ரீக்கா கூண்டின் கதவைத் திறந்தாள்.

"உள்ளே வந்து உட்காருங்க."

"நானா? நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஒரு ஆள் அதிகமா நின்னா யாராவது ஒருத்தர் உட்காரணுமே."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் போய் உட்கார்ந்தார். அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கனமான கண்ணாடி. உள்ளே இருந்து என்ன கத்தினாலும் களத்துக்குக் கேட்காது.

வட்டு லஸ்ஸேயிடம் வந்தது. துவோமோ துள்ளி எழுந்து, கண்ணாடியைத் தட்டித் தட்டி வலது பக்கம், வலது பக்கம் என்று கத்தினார். லஸ்ஸே ஆட்டத்தை விட்டுவிட்டுக் கூண்டைப் பார்த்தான். காதைக் காட்டிக் கையை விரித்தான்.

மற்றவர்களும் நின்றுவிட்டார்கள்.

வட்டு அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டே போய், ஓரத்துப் பலகையில் முட்டி நின்றது. அதன் பின்னால் ஒருவரும் போகவில்லை. எல்லோரும் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தட்டின கை கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. துவோமோ கையை எடுத்தார். உட்கார்ந்தார்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. ரீக்கா திறக்கவில்லை. அவரும் திற என்று கேட்கவில்லை.

கடைசியில் ஒருவன் போய் வட்டை எடுத்து வந்தான். லஸ்ஸே அவனிடம் என்னவோ சொன்னான். அவன் தலையை ஆட்டினான். அந்தக் குளிரில் வாயைத் திறந்தால் வெள்ளையாக ஆவி வரும். லஸ்ஸே வாயில் வந்தது. அப்புறம் தூரத்தில் இன்னொருவன் வாயில். அப்புறம் கோல் காக்கிறவன் முகமூடிக்குள்ளிருந்து.

இத்தனை மாதத்தில் அவர்கள் களத்தில் ஒருவரோடு ஒருவர் பேசி அவர் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை வந்தது. கடைசிக் கட்டம் வரைக்கும் இரண்டு பக்கமும் சமம். மேலே கழகத் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தைச் சற்று நிறுத்திப் பேச ஒரே ஒரு தடவை விடுவார்கள். துவோமோ அதைக் கேட்டு வாங்கினார்.

எல்லோரும் மூச்சு வாங்க அவரைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"சொல்லுங்க கோச்," என்றான் லஸ்ஸே.

பயிற்சியாளர்கள் படம் போட்டுக் காட்ட ஒரு சின்ன வெள்ளைப் பலகை வைத்திருப்பார்கள். துவோமோ அதையும் பேனாவையும் லஸ்ஸேயிடம் நீட்டினார்.

"உள்ளே நிக்கிறது நீ. நீ சொல்லு."

லஸ்ஸே பேனாவைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். பிறகு ஒரு கோடு போட்டான். கோணல் கோடு. துவோமோவாக இருந்தால் ஒரு நாளும் அப்படிப் போட்டிருக்க மாட்டார். அழிக்க வேண்டும் என்று கை போயிற்று. அந்தக் கையைக் குளிர்கோட்டின் பையில் விட்டுக்கொண்டார். பைக்குள் சாவி இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

விசில் அடித்தது. அவர்கள் போனார்கள்.

அப்புறம் என்ன ஆச்சு, ஜெயித்தார்களா என்று நான் அவசரப்பட்டேன். பொறும்மா என்றாள் சோபனா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரீக்கா தன் பிள்ளைகளோடு வந்தபோது, துவோமோ சாவியைப் போட்டு அரங்கத்துக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். நேற்றைக்குக் கத்தாததால் அவர் குரல் தெளிவாக இருந்தது.

"எண்ணினீங்களா?" என்று கேட்டாள்.

"எண்ணினேன். ஆறு பேர்."

"நீங்க எங்கே இருந்தீங்க?"

"பெஞ்சிலதான் இருந்தேன்," என்றார் துவோமோ. "அங்கே இருந்து பார்த்தா ஆட்டம் எவ்வளவு நல்லாத் தெரியுது!"

அவருக்கு முழங்கால் இன்னும் வலிக்கிறதாம். இன்றைக்குச் செபிக்கும்போது அவரையும் ஒரு வார்த்தை நினைத்துக்கொள்ளுங்கள்.