வாய் மூடாத முதலையும் ரெமி என்னும் பெயரும்

அந்தக் காலத்தில், நீர் வாழ்வனவும் நிலம் வாழ்வனவும் ஒரே மொழியில் வழக்காடிக்கொண்டிருந்த நாளில், காரைக்காலை அடுத்த ஒரு கழிமுகத்தில் ஓடக்காரர் குப்பம் ஒன்று இருந்தது. அக்கழியில் முதலை ஒன்றும் இருந்தது. நெறி தவறாத முதலை அது. ஒருவனைப் பெயர் சொல்லி அழைக்கும், அவன் "ஏன்?" என்று கேட்டால்தான் பிடிக்கும். ஆள் மாற்றிப் பிடித்தால் பற்கள் அத்தனையும் உதிர்ந்துவிடும் என்பது அதற்கு வாய்த்த விதி.

பேசாமல் இருந்து தப்பலாகாதா என்றால், குப்பத்தாருக்கு அது ஒன்றுதான் கைவராது. பெயர் சொல்லி அழைத்தவருக்கு மறுமொழி தராதவன் மனிதனே அல்லன் என்பது அவர்கள் கொள்கை. அக்கொள்கைக்காக ஆண்டுதோறும் இருவர் மூவர் இரையாயினர். கொள்கைக்கு மட்டும் ஒரு குறையும் நேரவில்லை.

அக்குப்பத்துத் தனபாக்கியத்தின் கணவன் பிரெஞ்சுக்காரன். கப்பலின் சிறு படகுக்குத் துடுப்பு வலிக்க வந்தவன், கப்பல் போன பிறகும் அவள் வைத்த மீன்குழம்பை விட்டுப் போக மனமின்றித் தங்கிவிட்டான். மூன்றாண்டு வெயில் அவனை ஊரார் நிறத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது. வேட்டி கட்டக் கற்றான். தலைப்பாகை சுற்றக் கற்றான். அழைத்தால் பதில் சொல்லவும் கற்றுத் தொலைத்தான்.

அவன் பெயரை மட்டும் முதலை அறியவில்லை. ஊராருக்கு அவன் 'மாப்பிள்ளை'. தனபாக்கியமோ கணவன் பெயரை நாவினால் தீண்டாதவள். "இந்தாங்க" என்பாள். துறையில் நின்று அவள் அவ்வாறு அழைத்தால் குப்பத்துக் கணவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் மனைவியர் அழைப்பதும் அப்படித்தானே.

ஒரு வெள்ளிக்கிழமை நண்பகலில் பழைய சோற்று மயக்கத்தில் அவன் ஓடத்திலேயே கண்ணயர்ந்தான். நீர் வற்றும் வேளை. ஓடம் கடலலையை நோக்கி நழுவியது.

"இந்தாங்க" என்று கரையிலிருந்து கூவினாள் தனபாக்கியம். பதினொரு பேர் திரும்பினர். அவன் திரும்பவில்லை. மறுபடியும் கூவினாள். அதே பதினொரு பேர். மூன்றாம் முறை, கண்களை இறுக மூடிக்கொண்டு, "ரெமி" என்று அலறிவிட்டாள்.

அவன் விழித்தான், துடுப்பை வளைத்துப் போட்டான், பிழைத்தான்.

கரையில் நின்ற தனபாக்கியத்தின் காலடி நீர் கலங்கியது. முதலை மூக்கை நீட்டிற்று.

"ரொம்ப உபகாரம், அம்மா. இந்தப் பேருக்காக மூணு வருஷமா காது கொடுத்துக் கிடந்தேன். இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நான் கவுச்சி தொடமாட்டேன். காலையில கூப்பிடுறேன்."

தனபாக்கியம் வீட்டில் கணவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு அது கூப்பிட்டா வாயத் திறக்காதீங்க."

"கூப்பிட்டவங்களுக்குப் பதில் சொல்லலேன்னா உங்க ஊர்ல என்னை மதிப்பாங்களா?" என்றான் அவன்.

தலையில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றாள். பதினொரு தலைகள் திரும்பியது நினைவுக்கு வந்தது.

"உங்க பேருக்கு என்ன அர்த்தம்?"

"துடுப்பு போடுறவன். எங்க ஊர்ப் பழைய பேரு."

வெல்லம் கலந்த பச்சரிசியைத் தட்டில் ஏந்தி அவள் வீடு வீடாக ஏறினாள். ஆண்மக்கள் அனைவர் வாயிலும் ஒரு பிடி அரிசி. காதில் ஒரு பெயர். எழுபதைக் கடந்த ஓடக்காரர் ஆதிமூலம் மட்டும் முறுக்கிக்கொண்டார்.

"போற வயசுல எனக்குப் பேர் வைக்க வந்தியா?"

"துடுப்பு போடுறவன்னு அர்த்தம், பெரியப்பா. இந்தக் கழியில உங்களைவிட யாரு துடுப்பு போட்டிருக்கா?"

அவர் மீசையைத் தடவினார். "அப்படின்னா முதல்ல எங்கிட்டயில்ல வந்திருக்கணும். இன்னொரு பிடி போடு."

விடிந்தது. நாற்பது ஓடங்கள் நீரில் இறங்கின. நாற்பது தலைப்பாகைகள், எல்லாம் ஒரே அழுக்கு. முதலை கம்பீரமாகத் தலை தூக்கி, "ரெமி" என்றது.

"ஏன்?" என்றன நாற்பது குரல்கள்.

முதலை திகைத்தது. "உங்களை இல்லே. ரெமியை."

"அதான் ஏன்னு கேட்டாச்சே," என்றான் ஒருவன்.

"நீ எதுக்கு நடுவுல வர்றே? மூத்த ரெமி நானிருக்க, அது உன்னையா கூப்பிடும்?" என்று துடுப்பை ஓங்கினார் ஆதிமூலம்.

"ஓட்டை ஓடத்துக்காரர் பேசுறாரு பாரு," என்றான் மூன்றாம் ரெமி. மீன்குழம்புக்காரன் தன் பங்குக்கு, "முதல்ல பதில் சொன்னது நான்தான்," என்று மன்றாடினான். அவனை ஒருவரும் சட்டை செய்யவில்லை. முன்னுரிமைச் சண்டை நாற்பது ஓடங்களுக்கும் பரவிற்று.

தன் பற்களை நினைத்து முதலை நடுங்கியது. ஒரே ஒரு கேள்வி கேட்டுத் தெளிவோம் என்று மணற்றிட்டில் ஏறி, வாயை அகலத் திறந்து, "எந்த..." என்று தொடங்கியது. சண்டையில் இடைவெளி கிடைக்கவில்லை. வெயில் ஏறியது. வாய் திறந்தபடியே இருந்தது.

தனபாக்கியம் அப்பெயரை மறுபடி உச்சரிக்கவேயில்லை. அன்று மாலை துறையில் நின்று "இந்தாங்க" என்றாள். பன்னிரண்டு பேர் திரும்பினர். அவர்களுள் தன்னவனும் இருக்கக் கண்டு குழம்பைச் சுடவைக்கப் போனாள்.

அன்று முதல்தான் அக்குப்பத்தில் வீட்டுக்கு வீடு ஒரு ரெமி பிறக்கிறான். அன்று முதல்தான் முதலையும், மேற்கொண்டு கேட்க ஒரு நொடி அமைதி வாய்க்காதா என்று, வெயிலில் வாயைப் பிளந்தபடி காத்துக் கிடக்கிறது.