யானைப் பட்டியலில் ஓர் அமைச்சர்

மேழிநாட்டு மன்னர் வீரகங்கருக்குக் கம்ப்யூட்டர் மோகம். யானைக் கொட்டாரத்துச் செய்திகூட ஜேசான் என்ற கம்ப்யூட்டர் வடிவில்தான் வர வேண்டும். பெயர் இது, எடை இது என்று அடுக்கிய வெறும் எழுத்துதான் அது. அதைப் பைதான் என்ற நிரல்மொழியில் வாங்கி, யானைக்கு இன்னின்ன இருக்க வேண்டும் என்று வகுத்த 'யானை' என்ற கிளாஸுக்குள் செலுத்தி, யானைப் பொருளாக்குவது அவைப்புலவர் கூத்தபிரானின் வேலை. எடை எண்ணாக இருக்க வேண்டும். தும்பிக்கை நீளம் கட்டாயம். இல்லையென்றால் அவர் நிரல் பிழை காட்டி நின்றுவிடும்; யானை பட்டியலில் ஏறாது.

தசரா ஊர்வலத்துக்கு முந்தின நாள் அந்த நிரல் பட்டத்து யானையிடமே நின்றுவிட்டது. எடை என்ற இடத்தில் பாகன் "ஏகப்பட்டது" என்று எழுதியிருந்தான்.

"என் யானைக்கே ஊர்வலத்தில் இடமில்லையா?" மன்னர் கொதித்தார்.

அமைச்சர் வல்லபராயருக்கு வாயெல்லாம் பல். "மன்னா, என் நிரலுக்குக் கிளாஸும் கிடையாது, கேள்வியும் கிடையாது. வந்ததை அப்படியே ஏற்கும்."

"இனி அதுவே ஓடட்டும். கூத்தபிரானே, நாளையோடு உம் வேலை முடிந்தது!"

கூத்தபிரான் சும்மா போவாரா? போகிற போக்கில் அமைச்சரின் நிரலுக்கு ஒரு ஜேசான் அனுப்பிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவையில் மணிச் சத்தம். வல்லபராயர் தலைதெறிக்க ஓடி வந்தார். கழுத்தில் பெரிய மணி. நெற்றியில் வண்ணக் கோலம். தேங்காய் நாரால் தேய்த்ததில் உடம்பெல்லாம் சிவந்திருந்தது.

"மன்னா! விடியற்காலையிலே பாகன்கள் வந்து என்னை ஆற்றுக்கு இழுத்துப் போய்விட்டார்கள்! பட்டியலில் என் பெயர் இருக்கிறதாம்!"

கூத்தபிரான் பணிவாகச் சொன்னார்: "பெயர் வல்லபராயர், எடை பார்த்தாலே தெரியும் என்று அடியேன்தான் அனுப்பினேன். அவர் நிரல் அப்படியே ஏற்றுக்கொண்டது. தங்க மனசு அதற்கு!"

அதே ஜேசானைத் தம் கிளாஸில் போட்டுக் காட்டினார். உடனே திரையில் வந்தது: 'பிழை. எடை எண் அல்ல. தும்பிக்கை நீளம் இல்லை. இது யானை ஆகாது.'

மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். பாகனிடம் சரியான எடையைக் கேட்டு வாங்கச் சொன்னார். கூத்தபிரானுக்கு வேலையும் திரும்பியது, முத்துமாலையும் கிடைத்தது.

வல்லபராயர் மட்டும் நகரவில்லை. கூத்தபிரானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புலவரே, புண்ணியமாய்ப் போகும். அந்தப் பிழைச் செய்தியை ஓர் ஓலையில் எழுதி அரசமுத்திரை வைத்துக் கொடும். பாகன்கள் கரும்போடு இன்னும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறார்கள்!"